தமிழ்ப் பத்தியில் வரிமுறிப்பைச் சரிசெய்தல்: முதலில் அளவு, பிறகு பிளவிடம், கடைசியில் அல்காரிதம்

எடுத்துக்கொண்டது ஒரு சிறிய பக்க அமைப்பு எஞ்சின். எழுத்துகளை வடிவமைக்க ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம், முறியிடங்களை (வரி முறியக்கூடிய இடங்களை) கண்டுபிடிக்க ஐசியு என்ற நிரலகம், வரிகளை நிரப்ப 'அடங்கினால் சேர், அடங்காவிட்டால் தள்ளு' வகை லூப். அடுத்த சொல் இந்த வரியில் அடங்குமா என்பதைத் தவிர அந்த லூப்புக்கு வேறெதுவும் தெரியாது. ஆங்கிலத்தில் இது சமாளித்துவிடும். தமிழை இருபுறமும் நேராக்கி, வரியையும் குறுக்கினால் சொற்களுக்கு நடுவே குழி குழியாக விழும்.

இதைப் பார்த்ததும் டெக் (TeX) என்ற பக்க அமைப்பு மென்பொருளின் முறையை எழுதிச் சேர்க்கத்தான் கை பரபரக்கும். டொனால்ட் க்னூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட அந்த முறை, பத்தி முழுவதையும் பார்த்து எங்கெங்கே முறிப்பது என்று முடிவெடுக்கும். அருமையான முறை, கடைசியில் அதைத்தான் வைக்கப்போகிறோம். ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்தால் தமிழில் பலன் சொற்பம். காரணம் ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும்.

வரி அகலம் 150 பாயின்ட் (சுமார் 53 மி.மீ.), எழுத்தளவு 10 பாயின்ட் என்று வைப்போம். டெக்கின் வழக்கமான 10 பாயின்ட் எழுத்துருவில் சொல்லிடைவெளி 3.33 பாயின்ட், அது 1.67 நீளலாம், 1.11 சுருங்கலாம். அதே எண்களை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். இந்த அகலத்தில் சராசரி நீளமுள்ள தமிழ்ச் சொற்கள் நான்கு உட்கார்ந்தால், இடைவெளி மூன்றே மூன்று. மொத்த நீட்சி 5 பாயின்ட், மொத்தச் சுருக்கம் 3.33 பாயின்ட்.

ஒரு வரி எவ்வளவு மோசம் என்பதற்கு டெக்கின் சூத்திரம்:

மோசம் = 100 × (வேண்டிய நீட்சி ÷ கையிருப்பு நீட்சி)³

வழக்கமான உச்சவரம்பு 200. அப்படியானால் விகிதம் 1.26-ஐத் தாண்டக் கூடாது, நீளக்கூடியது 6.3 பாயின்ட். சுருங்கும் பக்கம் விகிதம் 1-க்கு மேல் போக அனுமதியே இல்லை. ஆகவே இயல்பு நீளம் 143.7-க்கும் 153.3-க்கும் நடுவில் விழும் முறியிடம் மட்டுமே தேறும். அதாவது 9.6 பாயின்ட் அகலமுள்ள ஒரு சன்னல். ஒரு சொல்லும் அதன் இடைவெளியும் சேர்ந்து 38 பாயின்ட் வாக்கில் வரும்போது, சொல்லிறுதி ஒன்று அந்தச் சன்னலுக்குள் வந்து விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தேர்ந்தெடுக்க ஆளே இல்லாத தேர்தலில் எண்ணும் முறையை மாற்றி என்ன பயன்? முறியிடங்களைப் பெருக்க வேண்டும். அதற்கும் முன்னால், அளவு சரியாக இருக்க வேண்டும்.

அளவு

உரையை முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியிருந்தால் ஒரே விதமாக்கும் யூனிகோடு இயல்பாக்கம்) கொண்டுவர வேண்டும். 'கொ' என்பதை க-வுடன் ஒற்றைக் குறியீடான ொ சேர்த்தும் எழுதலாம். ெ, ா என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பிளவு விதிகளும் விதிவிலக்குப் பட்டியலும் ஒரு வடிவத்தை எதிர்பார்த்து மற்றொன்றைப் பார்த்தால் சத்தமில்லாமல் தவறவிடும்.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு. 'கௌ' என்பதை கெ + ள என்று தட்டச்சு செய்வது பரவலான பழக்கம். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் யூனிகோடுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள், ஆகவே இயல்பாக்கம் அதைத் தொடாது. வரியிறுதியில்தான் குட்டு வெளிப்படும்: 'சுயகெளரவம்' என்பது 'சுயகெ-' என்று ஒரு வரியிலும் 'ளரவம்' என்று அடுத்த வரியிலும் போய் நிற்கும். 'கெளர', 'மெளன', 'பெளர்ண' போன்ற துண்டுகளுக்கு ஒரு சிறிய திருத்தப் பட்டியலை உள்ளீட்டிலேயே வைப்பதுதான் எளிய வழி. எல்லா 'ெள'-வையும் கண்மூடித்தனமாக மாற்றினால் 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் நாசமாகும்.

அடுத்து வடிவமைப்பு. சொல் சொல்லாக ஹார்ஃப்பஸுக்கு அனுப்பாமல், ஒரே எழுத்துருவும் ஒரே மொழியும் உள்ள ஓட்டம் முழுவதையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். திரும்பி வரும் ஒவ்வொரு கிளிஃபுக்கும் (எழுத்துருவில் உள்ள தனி வடிவம்) ஒரு கொத்து எண் இருக்கும். அது மூல உரையில் எந்த இடம் என்பதைச் சொல்லும். யுடிஎஃப்-8 ஆக அனுப்பினால் அந்த எண் பைட் கணக்கு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அதை எழுத்து எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டால் முறியிடம் மூன்று மடங்கு தள்ளிப் போகும். ஆங்கில உரையில் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதுதான் இதில் வம்பு.

கொத்து அகலங்களைத் தொடர்கூட்டலாக ஓர் அணியில் வைத்தால், எந்த இரு இடங்களுக்கும் நடுவிலுள்ள நீளம் ஒரே கழித்தலில் கிடைக்கும். ஆனால் சொல்லின் நடுவில் முறிக்கும்போது அந்தக் கழித்தல் எப்போதும் உண்மையல்ல. 'ண்டெ' என்ற இடத்தில் ண்-ஐ அடுத்து வரும் கிளிஃப் ட அல்ல, ெ. அந்த இரண்டுக்கும் எழுத்துருவில் கெர்னிங் (அடுத்தடுத்த வடிவங்களை நெருக்கவோ விலக்கவோ செய்யும் திருத்தம்) இருந்தால், முறித்ததும் அது மறைந்து அகலம் மாறும். ஹார்ஃப்பஸ் இப்படிப்பட்ட இடங்களில் 'அன்சேஃப் டு பிரேக்' என்ற கொடியை ஏற்றித் தருகிறது. கொடி இல்லாத இடத்தில் கழித்தல் போதும். கொடி உள்ள இடத்தில் முறிவுக்கு முன்னும் பின்னும் கொடியற்ற இடம் வரையிலான துண்டை மட்டும் மறுபடி வடிவமைத்து அகலம் எடுத்து, சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் சில வரிகளின் வலது ஓரம் அரை பாயின்ட், ஒரு பாயின்ட் என்று பிசிறும். காரணம் தேடி அல்காரிதத்தைக் குடைந்துகொண்டிருப்போம்.

எல்லா அளவுகளையும் முழு எண்ணில் வையுங்கள். டெக் ஒரு பாயின்ட்டை 65,536 கூறாக்கிக் கணக்கிடுவது அதற்காகத்தான். மிதவைப் புள்ளி எண்ணில் போட்டால், கிட்டத்தட்டச் சமமான இரண்டு தீர்வுகளில் ஒரு கணினி ஒன்றையும் மற்றொன்று இன்னொன்றையும் எடுக்கும். பக்க எண்களே மாறிவிடும்.

பிளவிடம்

யூனிகோடின் வரிமுறிப்பு விதிகளும் (14-ஆம் இணைப்பு) அவற்றைச் செயல்படுத்தும் ஐசியுவும் தமிழுக்குத் தருவது பெரும்பாலும் சொல்லிடைவெளிகளை மட்டுமே. சொல்லுக்குள் எங்கே பிளக்கலாம் என்பது நம் பொறுப்பு. எந்த எழுத்துத்தொடரில் பிளக்கலாம் என்று சொல்லும் டெக் வகை வடிவப் பட்டியல்கள் தமிழுக்கும் உண்டு. ஆனால் தமிழ் எழுத்தமைப்பு ஒழுங்கானது. விதியாகவே எழுதிவிட்டால் பிழை கண்டுபிடிப்பது எளிது. அச்சில் வழிவழியாக வந்த அடிப்படை விதி: வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. அதன்மேல் கட்டியது இது:

பிளக்கலாமா(இடம்):
– அடுத்த எழுத்தில் புள்ளி உண்டா? கூடாது
– அடுத்தது தனி ஃ-ஆ? கூடாது
– முந்தையது க், அடுத்தது ஷ வரிசையா? கூடாது
– முந்தையது ஸ் அல்லது ஶ், அடுத்தது ரீ-யா? கூடாது
– இடப்பக்கம் புள்ளியில்லா எழுத்து இரண்டுக்குக் குறைவா? கூடாது
– வலப்பக்கம் புள்ளியில்லா எழுத்து இரண்டுக்குக் குறைவா? கூடாது
– மற்றபடி பிளக்கலாம்

'எழுத்து' என்றால் இங்கே யூனிகோடின் எழுத்துக்கொத்து. க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் தனி விதி வேண்டியிருப்பதற்குக் காரணம், யூனிகோடு க்ஷ-வை க், ஷ என இரண்டு கொத்தாகவே எண்ணுகிறது. எழுத்துருவோ ஒரே வடிவமாகக் கட்டுகிறது. விதி இல்லாவிட்டால் 'சம்ரக்ஷணம்' நடுவில் முறிந்து, கட்டு உடைந்து, முதல் வரியில் க் தனியாகப் புள்ளியோடு நிற்கும்.

ஆய்தத்தில் ஒரு நெளிவு. 'ஃப' வரிசையை ஓரெழுத்தாகக் கட்டிவிட வேண்டும். அதன் முன்னால் பிளக்கலாம், நடுவில் கூடாது. 'டெலிஃபோனில்' என்பது 'டெலி-ஃபோனில்' ஆகலாம்; 'டெலிஃ-போனில்' ஆகவே கூடாது.

இந்த விதியை 'வந்துகொண்டிருக்கிறார்கள்' மீது ஓட்டிப் பார்க்கலாம். கொத்துகள் 13: வ, ந், து, கொ, ண், டி, ரு, க், கி, றா, ர், க, ள். புள்ளி விதி மட்டும் இருந்தால் து, கொ, டி, ரு, கி, றா, க ஆகியவற்றின் முன்னால் ஏழு இடம். இரண்டெழுத்து விதி 'வந்-' தனியாக நிற்பதையும் 'கள்' மட்டும் அடுத்த வரிக்குப் போவதையும் வெட்டிவிடும். மிஞ்சுவது ஐந்து. முன்னர் ஒரு சொல்லுக்கு ஒரே முறியிடம், இப்போது ஆறு. அந்த 9.6 பாயின்ட் சன்னலுக்குள் ஏதாவது ஒன்று விழுவது இனி அரிதல்ல.

ஐந்தும் ஒரே தரமல்ல. 'வந்து-கொண்டிருக்கிறார்கள்' கண்ணை உறுத்தாது; 'வந்துகொண்டி-ருக்கிறார்கள்' கொஞ்சம் உறுத்தும். அதனால் அபராதத்தை (ஓர் இடத்தில் முறிப்பதற்கு நாம் வைக்கும் விலை) இரண்டு தட்டாக வைப்பது நல்லது: சொல் ஒட்டும் இடத்துக்கு 20, மற்ற இடங்களுக்கு 60. ஒட்டுமிடம் கண்டுபிடிக்கப் பெரிய இலக்கணப் பகுப்பான் தேவையில்லை. 'கொண்டி', 'படுத்', 'களுக்கு', 'களில்', 'களால்' போன்ற நாற்பது ஐம்பது துண்டுகளின் பட்டியலே போதும். ஆனால் எல்லா ஒட்டும் எழுத்தின் எல்லையில் விழாது. 'வீட்டிலிருந்து' என்பதில் ஒட்டு 'லி' என்ற எழுத்துக்குள்ளேயே புதைந்திருக்கிறது. டெக்கில் உள்ளதுபோல முறிந்தால் ஒரு வடிவம், முறியாவிட்டால் இன்னொரு வடிவம் என்று வைத்து 'வீட்டில்-இருந்து' என்று காட்ட முடியும். வேண்டாம், வரி முறிப்பது ஆசிரியரின் எழுத்துக்கூட்டலைத் திருத்துவதாக ஆகிவிடக் கூடாது. 'வீட்டி-லிருந்து' போதும்.

இணைப்புக்குறி போடுவதா வேண்டாமா? குறியில்லாமல் முறிக்கும் வழக்கம் தமிழ் அச்சில் உண்டு. வரிக்கு 3 பாயின்ட் மிச்சமும் ஆகும். ஆனால் 'பலகைகள்' என்ற சொல் 'பல' என்று வரியிறுதியிலும் 'கைகள்' என்று அடுத்த வரியிலும் போனால் வாசிப்பவர் வேறு எதையோ படிப்பார். இயல்புநிலையில் குறி போடுவதே சரி, வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும். குறி போட்டால் அதன் அகலத்தை அந்த முறியிடத்தின் நீளத்தோடு கூட்ட மறக்கக் கூடாது. மறந்தால் பிளந்த வரிகள் மட்டும் குறியின் அகலத்துக்கு வெளியே நீட்டும்.

முறிக்கக் கூடாத இடங்களும் இங்கேயே அடைபட வேண்டும். '2024-ஆம்' என்பதில் இணைப்புக்குறிக்குப் பின் முறிக்க யூனிகோடு விதி அனுமதிக்கிறது. 'ஆம்' தனியாக அடுத்த வரிக்குப் போய்விடும். முறியாத இணைப்புக்குறியை இட்டால், பல தமிழ் எழுத்துருக்களில் அந்தக் குறியே இருக்காது. வேறு எழுத்துருவிலிருந்து வந்து உயரம் மாறித் தெரியும். குறியின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத சொல் இணைப்பானை நுழைப்பது மேல். 'ரூ. 500', பெயரின் முன்னெழுத்துகள் ஆகியவற்றுக்கு முறியா இடைவெளி. இந்த முறியா இடைவெளியைச் சொல்லோடு சேர்த்துப் பெட்டிக்குள் போட்டுவிடும் நிரல்கள் நிறைய. அப்போது மற்ற இடைவெளிகள் நீள, இது மட்டும் நீளாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். முறிய மட்டும் கூடாது, நீளவும் சுருங்கவும் வேண்டும்: 10,000 அபராதம் (டெக்கில் 'இங்கே முறியாதே' என்று பொருள்), அதன் பின் சாதாரண இடைவெளி.

அல்காரிதம்

இப்போதுதான் டெக் முறைக்கு வேலை. பத்தியை மூன்று வகைப் பொருள்களாக அடுக்க வேண்டும்: அகலம் மாறாத பெட்டி (இங்கே சொல்லோ சொல்துண்டோ), நீளவும் சுருங்கவும் கூடிய பசை (சொல்லிடைவெளி), முறியிடத்தின் விலையைச் சொல்லும் அபராதம். இடமிருந்து வலமாகப் போகையில், இதற்குமுன் முறித்திருக்கக்கூடிய இடங்களின் பட்டியல் ஒன்று உயிரோடு இருக்கும். புதிய முறியிடம் வரும்போது அவை ஒவ்வொன்றிலிருந்தும் இதுவரை ஒரு வரி போட்டால் எவ்வளவு மோசம் என்று பார்த்து, மொத்தக் குறைமதிப்பு மிகக் குறைவான வழியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சுருக்கியும் அடங்காத அளவுக்கு நீண்டுவிட்டால் அந்தப் பழைய முறியிடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பிளவிடங்கள் எவ்வளவு கூடினாலும் பட்டியல் ஒரு வரியின் அகலத்தைத் தாண்டி வளராது. வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வரியின் குறைமதிப்பு = (10 + மோசம்)² + அபராதம்²

இந்தச் சூத்திரத்தில் நம் 20-உம் 60-உம் என்ன பேசுகின்றன என்பதைப் பார்த்தால்தான் எண்களை நம்பி மாற்ற முடியும். மோசம் 12 உள்ள வரியில் 60 அபராதப் பிளவு: 484 + 3,600 = 4,084. பிளவே இல்லாமல் அதே குறைமதிப்பு வர மோசம் 54 இருக்க வேண்டும். அதாவது ஒவ்வோர் இடைவெளியும் 3.33-இலிருந்து 4.7 பாயின்ட் ஆகும்வரை பிளக்காமல் பொறுத்துக்கொள், அதற்கு மேல் போனால் பிள என்று சொல்கிறோம். 20 அபராதத்துக்கு அந்த எல்லை 4.3 பாயின்ட். அபராத எண்ணைக் குத்துமதிப்பாக வைக்காமல் இப்படி இடைவெளி அகலமாக மாற்றிப் பார்த்து வைப்பது நல்ல பழக்கம்.

அடுத்தடுத்த இரண்டு வரிகளும் பிளவில் முடிந்தால் டெக்கின் இயல்புக் கூடுதல் 10,000. மோசம் 90 உள்ள முழுவரி ஒன்றின் விலை அது. குறுகிய தமிழ் வரிக்கு இது அதிகம். குழிகள் திரும்ப வந்துவிடும். 3,000 (மோசம் 45-க்குச் சமம்) போதுமானது. ஆனால் அப்படிக் குறைத்தால் ஐந்தாறு வரிகள் தொடர்ந்து இணைப்புக்குறியில் முடிய வாய்ப்புண்டு. 'மூன்றுக்கு மேல் தொடரக் கூடாது' என்று ஒரு நிபந்தனை சேர்க்கும்போதுதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு முறியிடத்துக்கு ஒரே சிறந்த வழியை மட்டும் வைத்திருக்கும் நிரலில், பின்னோக்கி எண்ணிப் பார்த்துத் தடுத்தால் நல்ல தீர்வு தொலைந்துபோகும்: குறைமதிப்பில் வென்ற வழி ஏற்கெனவே மூன்று பிளவோடு வந்திருக்கலாம், சற்றே தோற்ற வழியில் பிளவே இல்லாமல் இருந்திருக்கலாம், அதைத் தூக்கி எறிந்திருப்போம். தொடர்பிளவு எண்ணிக்கையையும் நிலையின் பகுதியாக்கி, (முறியிடம், இறுக்க வகை, தொடர்பிளவு) என்ற மூன்றுக்கும் தனித்தனிச் சிறந்த வழியை வைக்க வேண்டும். படத்தைச் சுற்றி வரி அகலம் மாறினால் வரி எண்ணும் அதில் சேரும்.

இறுக்க வகை என்பது இறுகிய வரியை ஒட்டித் தளர்ந்த வரி வராமல் தடுப்பதற்கு. டெக்கில் நான்கு வகை. ஒரு படிக்கு மேல் தாண்டினால் 10,000 கூடும். தமிழுக்கும் அப்படியே வைக்கலாம்.

டெக் முதல் சுற்றில் சொற்பிளவே இல்லாமல் முயன்று பார்க்கும். குறுகிய தமிழ் வரியில் அது தேறாது என்பதை ஆரம்பக் கணக்கே காட்டியது. அந்தச் சுற்றை விட்டுவிடலாம். டெக்கிலேயே அடுக்குபவர்கள் முதல் சுற்றின் வரம்பை −1 என்று வைத்தால் போதும்.

அடிக்கடி நிகழும் இரண்டு கோளாறுகள். ஒன்று, முறிவுக்கு அடுத்துள்ள இடைவெளி புதிய வரியின் நீளத்தில் சேர்ந்துவிடுவது. தொடர்கூட்டலை முறிவுக்குப் பிந்தைய முதல் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். மற்றொன்று, ஒரே ஒரு நீண்ட சொல் வரி முழுவதையும் பிடித்துக்கொண்டு இடைவெளியே இல்லாமல் போவது. நீட்சி சுழியம், வகுத்தல் வெடிக்கும். அங்கே மோசத்தை 10,000 என்று நேரடியாக வையுங்கள். உயிரோடிருந்த எல்லா வழியும் செத்துவிட்டால் அடுத்த சுற்றில் ஒவ்வொரு வரிக்கும் கற்பனையாக 10 பாயின்ட் நீட்சி கூடுதலாகக் கொடுத்து மறுபடி ஓட்ட வேண்டும். அதுவும் தோற்றால் இரண்டெழுத்து விதியை மட்டும் தளர்த்தலாம். மெய்யில் தொடங்கும் வரியை எந்தச் சுற்றிலும் அனுமதிக்க வேண்டாம். அதைவிட வரி ஓரம் தாண்டி நீட்டுவது மேல், திருத்துபவர் கண்ணில் உடனே படும்.

எழுத்திடைவெளியைக் கூட்டி வரியை நிரப்பும் வசதி இருந்தால் தமிழுக்கு அணைத்துவிடுங்கள். கிளிஃப் கிளிஃபாக இடைவெளி சேர்க்கும் நிரல் 'கொ'-வை மூன்று துண்டாக விலக்கி வைக்கும். எழுத்தகலத்தை 2 சதவீதம் வரை நீட்டிச் சுருக்குவது பரவாயில்லை: 140 பாயின்ட் எழுத்துக்கு 2.8 பாயின்ட் கிடைக்கும், மூன்றே இடைவெளி உள்ள வரியில் அது கணிசமான உதவி.

சோதனை

கண்ணால் பார்த்துத் திருத்துவது முடிவில்லாத வேலை. ஒரே உரையை 120 முதல் 300 பாயின்ட் வரை ஒவ்வொரு பாயின்ட்டாக அகலம் கூட்டி அடுக்கி, நான்கு விஷயங்களை நிரலே சரிபார்க்கட்டும்: எந்த வரியும் மெய்யிலோ தனி ஃ-இலோ தொடங்கவில்லை, வரிகளை ஒட்டினால் மூல உரை அப்படியே திரும்பக் கிடைக்கிறது, முறித்த வரியைத் தனியாக வடிவமைத்து அளந்தால் கணக்கிட்ட அகலமே வருகிறது, பழைய லூப் தரும் முறிவுகள் வரம்புக்குள் இருக்கும்போது புதிய முறையின் மொத்தக் குறைமதிப்பு அதைவிடக் கூடவில்லை. கடைசிச் சோதனைதான் மிகவும் உபயோகமானது. சிறந்ததைத் தேடும் முறை சாதாரண லூப்பிடம் தோற்றால், நிலையில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே இந்த முறையை ஓட்டினால், ஒரு சொல் சேர்த்ததும் மேலே மூன்று வரிகள் குதித்து இடம் மாறும், எழுதுபவருக்கு எரிச்சல். தட்டும்போது பழைய லூப், கை ஓய்ந்ததும் திருத்திய பத்திக்கு மட்டும் முழுமுறை என்று பிரித்துவிடலாம். பிடிஎஃப் ஆக்கும்போது, நாம் சேர்த்த இணைப்புக்குறிகளைச் சாதாரணக் குறியாக எழுதாமல் மென் இணைப்புக்குறியாகப் பதிய வேண்டும். 'பலகைகள்' என்று தேடினால் 'பல-கைகள்' என்று முறிந்த இடமும் அகப்படுகிறதா என்று ஒரு கோப்பில் தேடிப் பார்த்துவிட்டு வெளியிடலாம்.